லோகோவை மாற்றுங்கள், கருவிக்குள் இருக்கும் பெயரைத் தொடாதீர்கள்

இணைப்புக்குப் பின் ஒரே பெயரில் இயங்கப் போகும் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமை நிர்வாகக் குழுவுக்கும், பெயர்மாற்றத் திட்டத்தை முன்நின்று நடத்தும் பிரிவுக்கும்:

இரண்டு நிறுவனங்கள் ஒன்றானதில் எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. அது உங்கள் பங்குதாரர்களின் விஷயம். எங்களைப் பேச வைத்தது, நிறுவல் பங்காளிகளுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை. 90 நாளுக்குள் இரண்டு பழைய பெயர்களும் எல்லா இடத்திலிருந்தும் நீங்கிவிட வேண்டும் என்கிறது அது. இணையதளம், மொபைல் ஆப், மின்னஞ்சல், மென்பொருள், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்), அலாரம் பேனலின் (கட்டடத்தில் இருக்கும் அலாரக் கட்டுப்பாட்டுப் பெட்டி) மூடி, காவலர் சீருடை, கண்காணிப்பு மையத்தின் தொலைபேசி எண் என்று ஒன்றும் விடுபடவில்லை. லோகோவைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் இடம் விட வேண்டும் என்பதற்குத் தனிக் கையேடு கூட இணைத்திருக்கிறீர்கள். பேனல் இனி எந்த ஐபி முகவரிக்கு அலாரத்தை அனுப்ப வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இதை எழுதுகிறவர்கள் அந்தப் பேனல்களைப் பொருத்துகிறவர்கள், பராமரிக்கிறவர்கள், கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிஃப்டில் திரை முன் உட்கார்ந்திருப்பவர்கள்.

சோப்பு விற்கும் நிறுவனம் பெயர் மாற்றினால் உறை மாறும், சோப்பு மாறாது. ‘யார் நீ?’ என்று கேட்பதே நம் தொழில். அந்தக் கேள்விக்குக் கேமரா, சர்வர், ரிசீவர் (மையத்தில் அலாரச் செய்தியைப் பெறும் கருவி), வாசலில் நிற்கும் காவலர் என எல்லாரும் இத்தனை நாளாகச் சொல்லி வந்த பதிலில் உங்கள் பழைய பெயர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெயர் ஒன்று, கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் பெயர் இன்னொன்று. முதலாவதை நீங்கள் விரும்பியபடி மாற்றலாம். இரண்டாவதில் கை வைத்தால் எதுவும் உடனே வெடிக்காது. சத்தமில்லாமல் நின்றுபோகும். சுற்றறிக்கையில் இந்த இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. சுவருக்கு வெள்ளை அடிக்கும் வேலை என்று நினைத்து அஸ்திவாரத்தில் கடப்பாரை போடுகிறீர்கள்.

அலாரம் பேனலிலிருந்து தொடங்குகிறோம், உயிரோடு நேராகத் தொடர்புடையது அது என்பதால். இன்றும் ஏராளமான பேனல்கள் மையத்தோடு பேசுவது காண்டாக்ட் ஐடி என்ற இலக்க மொழியில். ஒரு செய்திக்கு 16 இலக்கம். முதல் 4 வாடிக்கையாளர் கணக்கு எண், அடுத்த 2 செய்தி வகை, பிறகு இது புதிய நிகழ்வா பழைய நிலைக்குத் திரும்பியதா என்று சொல்லும் 1 இலக்கம், நிகழ்வுக் குறியீடு 3, பிரிவு 2, மண்டலம் 3, சரிபார்ப்பு 1. நிகழ்வுக் குறியீடு 110 என்றால் தீ, 130 என்றால் திருட்டு, 121 என்றால் மிரட்டலின் பேரில் அலாரத்தை அணைத்தது. இந்த 16 இலக்கத்தில் நிறுவனத்தின் பெயருக்கு இடமே இல்லை. 4471 என்ற கணக்கு எண் உங்கள் இரு பழைய நிறுவனங்களில் யாருடைய 4471 என்பதைச் சொல்வது, செய்தி எந்த ரிசீவரின் எந்த லைனில் வந்தது என்பது மட்டும்தான். பழைய பெயர் அங்கே எழுத்தாக இல்லை, லைனாக இருக்கிறது.

இரு மையங்களையும் ஒரே ரிசீவருக்குக் கொண்டுவந்து லைன் முன்னொட்டு (கணக்கு எண்ணுக்கு முன் சேர்க்கும் லைன் அடையாளம்) இல்லாமல் இணைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆபரேட்டர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். நகைக்கடையின் 130, ஒரு வீட்டின் விவரத்தோடு திரையில் வரும். ரோந்து வண்டி அந்த வீட்டுக்குப் போகும். வீட்டில் ஒன்றுமில்லை என்று பார்த்து, பொய் அலாரம் என்று எழுதி மூடிவிடுவார்கள். கடையில் இருப்பவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் உண்டு. பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எழுத்துகளைச் சேர்த்தாலும் 65,536க்கு மேல் போகாது. இரண்டு பெரிய மையங்களின் கணக்குகள் மோதாமல் இருக்க வழியே இல்லை. மோதுகிற எண்ணை மாற்றுவதென்றால் மையத்தின் கணினியில் மாற்றினால் போதாது, பேனலிலும் மாற்ற வேண்டும். அதற்கு நிறுவுநர் குறியீடு வேண்டும். தொலைவிலிருந்து செய்யப் பேனலில் அந்த வசதி திறந்திருக்க வேண்டும், தகவல்தொடர்பு மாட்யூலின் ஃபர்ம்வேரும் அதற்கு இடம் தர வேண்டும். இல்லையென்றால் ஒருவர் ஏணியோடு நேரில் போகத்தான் வேண்டும்.

ஐபி வழியே பேசும் பேனல்களுக்கும் இதே கதிதான், இடம்தான் வேறு. பேனலில் முதன்மை, மாற்று என்று இரண்டு ரிசீவர் முகவரிகள் இருக்கும். பழைய மாட்யூல்களில் பலவற்றில் அது டொமைன் பெயராக இல்லாமல் வெறும் எண்ணாகவே பதிந்திருக்கும். நீங்கள் டேட்டா சென்டரை மாற்றி டிஎன்எஸ் பதிவை (டொமைன் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் பதிவு) திருத்திவிட்டால் போதும் என்று உங்கள் ஐடி பிரிவு நினைத்துக் கொண்டிருந்தால், அந்தப் பேனல்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஐபி வழி அலாரத்துக்கான டிசி-09 முறையில் அனுப்புகிறவற்றில் கணக்கு எண்ணோடு லைன் முன்னொட்டும், அமைத்திருந்தால் ரிசீவர் எண்ணும், சேர்ந்து போகும். குறியாக்கம் போட்டிருந்தால் அதற்குரிய சாவி இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய ரிசீவருக்குக் கணக்குகளை ஏற்றும்போது சாவிகளை ஏற்ற மறந்தால், செய்தி வந்து சேரும், ஆனால் யாராலும் படிக்க முடியாது.

இதில் மிக மோசமானது மௌனம். பேனல் மையத்தோடு தொடர்பை இழந்ததை மையம் அறிவது இரண்டு வழிகளில். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடி பார்ப்பது போல் கேட்டுக்கொண்டே இருக்கும் கண்காணிப்பு ஒன்று. 602 என்ற குறியீட்டில் பேனல் தானாக அனுப்பும் சோதனை அறிக்கை மற்றொன்று. இரண்டாவது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் இடங்கள் உண்டு, வாரத்துக்கு ஒருமுறை வரும் இடங்களும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை வரும் இடத்தில், பழைய லைனை நீங்கள் திங்கட்கிழமை துண்டித்தால் அடுத்த ஞாயிறு வரை அந்தக் கட்டடத்துக்கு அலாரம் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. கீபேடில் பச்சை விளக்கு எரியலாம். வாடிக்கையாளர் மாதக் கட்டணமும் செலுத்திக்கொண்டிருப்பார்.

சிம் கார்டு விஷயமும் இங்கேயே. செல்லுலார் மாட்யூலில் இருக்கும் சிம்கள் பழைய நிறுவனத்தின் பெயரில், பழைய ஒப்பந்தத்தில், பல நேரம் தனி ஏபிஎன் (மொபைல் நெட்வொர்க்கின் நுழைவாயில்) வழியே ஓடுகின்றன. இணைப்புக்குப் பின் கணக்குப் பிரிவு செலவைக் குறைக்க உட்காரும்போது பட்டியலில் ‘பழைய பெயரிலுள்ள மொபைல் இணைப்புகள்’ என்ற வரி கண்ணில் படும். அவை ஊழியர்களின் கைபேசிகள் என்று நினைத்து ரத்து செய்துவிடுவது மிக எளிது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு கட்டடம் இருக்கிறது.

தொலைபேசி எண் மாற்றம் இதைவிடச் சிறியதாகத் தோன்றும். அலாரம் வந்ததும் ஆபரேட்டர் முதலில் அழைப்பது சாவி வைத்திருக்கும் பொறுப்பாளரை. இரவு 2 மணிக்கு அறிமுகமில்லாத எண் ஒலித்தால் எடுக்க மாட்டார். பழைய எண்ணைத்தான் அவர் தன் கைபேசியில் சேமித்திருக்கிறார். சிலர் அந்த எண் மட்டும் நள்ளிரவிலும் ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எடுத்தாலும், ‘நாங்கள் இன்ன நிறுவனத்திலிருந்து’ என்று ஆபரேட்டர் புதிய பெயரைச் சொன்னால் அழைப்பைத் துண்டிப்பார். அப்படித் துண்டிக்கச் சொல்லி அவருக்குப் பழக்கியதே நாம்தான். பேனல் கதவு, ஜன்னல் ஸ்டிக்கர், மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, தீயணைப்புத் துறையிடம் கொடுத்த படிவம் என்று அந்த எண் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு உங்களிடம் பட்டியல் கிடையாது. எங்களிடமும் முழுமையாகக் கிடையாது. அதனால்தான் அந்த எண் சாகக் கூடாது என்கிறோம்.

ஸ்டிக்கர் மாற்றுவது கூட உங்கள் கையேட்டில் இருப்பது போல் சின்ன வேலை அல்ல. வெளிச்சுவரில் இருக்கும் சைரன் பெட்டியின் மூடியில்தான் பெரிய எழுத்தில் லோகோ இருக்கிறது. அந்த மூடியைத் திறந்தால் உள்ளே டேம்பர் சுவிட்ச் விடுபடும், சைரன் அலறும், மையத்துக்குச் செய்தி போகும். எனவே முதலில் மையத்தை அழைத்து அந்தக் கணக்கைச் சோதனை நிலையில் வைக்க வேண்டும், மூடியை மாற்ற வேண்டும், சைரன் பேட்டரியின் தேதியைப் பார்த்துவிட வேண்டும் (ஏணி ஏறிய பிறகு அதைப் பார்க்காமல் இறங்குவது வீண்), டேம்பர் சரியாக அமர்ந்ததா என்று உறுதி செய்ய வேண்டும், மறுபடி அழைத்துச் சோதனை நிலையிலிருந்து எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது மூடி என்று இலக்கு வைத்து ஒப்பந்தக்காரர்களை அனுப்பினால் கடைசிப் படிதான் முதலில் விடுபடும். சோதனை நிலையில் மறக்கப்பட்ட கணக்கிலிருந்து வரும் உண்மையான தீ அலாரத்தை ஆபரேட்டர் பார்க்கவே மாட்டார். புதிய லோகோ மட்டும் வெயிலில் பளபளக்கும்.

கேமராக்களுக்கு வருவோம். 2008இல் ஆக்ஸிஸ், போஷ், சோனி மூன்றும் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் புண்ணியத்தில் ஒரு நிறுவனத்தின் கேமரா இன்னொரு நிறுவனத்தின் பதிவு மென்பொருளோடு பேசுகிறது. அந்தப் பேச்சின் தொடக்கத்தில் மென்பொருள் சாதன விவரம் கேட்கும். கேமரா ஐந்து விடைகள் தரும்: தயாரிப்பாளர் பெயர், மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, தொடர் எண், வன்பொருள் அடையாளம். பல மென்பொருள்கள் முதல் இரண்டு விடையைப் பார்த்துத்தான் எந்த டிரைவரை (அந்தக் கேமராவோடு பேசும் துணை மென்பொருள்) போடுவது என்று முடிவு செய்கின்றன. உங்கள் அடுத்த ஃபர்ம்வேரில் தயாரிப்பாளர் பெயர் மாறி வந்தால், மறுபடி கண்டறியும்போது அந்தக் கேமரா பழைய டிரைவருக்குப் பொருந்தாது. பொதுவான ஆன்விஃப் சாதனமாக விழும். படம் வரும், ஆகவே எல்லாம் சரி என்று தோன்றும். அசைவு நிகழ்வு, உள்ளீடு வெளியீடு இணைப்பு, கேமராவின் மெமரி கார்டிலிருந்து விடுபட்ட பதிவை மீட்பது போன்றவை போயிருக்கும். அசைவு வந்தால் மட்டும் பதிவு செய் என்று அமைத்த இடத்தில் பதிவே இருக்காது. வழக்கு வந்து காட்சி கேட்கும் நாளில்தான் அது தெரியவரும். லாகின் பக்கத்தில் புதிய லோகோ போடுங்கள், தயவுசெய்து அந்த ஒரு சொல்லை மட்டும் பழையபடி விடுங்கள்.

ஃபர்ம்வேரின் டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் ‘புதிய நிறுவனத்தின் பெயரில்’ மாற்றப் போவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. கருவி, தனக்குள் இருக்கும் பொதுச் சாவியால் சரிபார்த்துத்தான் புதிய ஃபர்ம்வேரை ஏற்கும். புதிய சாவியால் கையொப்பமிட்டதைப் பழைய கருவி நிராகரித்துவிடும். பழைய சாவியால் கையொப்பமிட்டு, உள்ளே புதிய சாவியையும் கொண்டுபோகும் ஓர் இடைப்பதிப்பு வேண்டும். கிடங்கில் இரண்டு ஆண்டு கிடந்துவிட்டு வரும் கேமராவுக்கும் அந்த இடைப்பதிப்பு தேவைப்படும் என்பதால், அது பதிவிறக்கப் பக்கத்தில் என்றும் இருக்க வேண்டும். சாவியையே சிப்பில் எரித்துப் பூட்டிவிட்ட மாடல்களுக்கு இடைப்பதிப்பும் உதவாது. அவற்றுக்குப் பழைய சாவியை ஆயுள் முழுதும் பத்திரமாக வைத்திருப்பது தவிர வேறு வழி இல்லை.

மொபைல் ஆப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. புதிய பெயரில் புதிய ஆப் வெளியிட்டு, பழையதை நீக்கச் சொல்கிறீர்கள். கைபேசிக்கு அது முற்றிலும் வேறு ஆப். அறிவிப்புக்கான அனுமதி, கேமரா இணைப்பு, வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பகிர்ந்த உரிமை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆப்பின் உள் அடையாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரையும் படத்தையும் மட்டும் மாற்ற இரு பெரிய ஆப் கடைகளிலும் வழி இருக்கிறது. ஒரு நிறுவனக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆப்பை மாற்றவும் முடியும். வேலை குறைவான வழி கண்முன் இருக்கும்போது வாடிக்கையாளரை ஏன் அலைய விடுகிறீர்கள்?

பழைய டொமைன்களை ‘கட்டம் கட்டமாக விட்டுவிடுவோம்’ என்ற வரிதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. கிளவுட் வழியே இயங்கும் ஒவ்வொரு என்விஆரும் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் கருவி) பழைய டொமைனைத் தேடித்தான் போகிறது. வாடிக்கையாளர்களின் ஃபயர்வாலில் அந்தப் பெயருக்குத்தான் வெளியே போக அனுமதி இருக்கிறது. புதிய டொமைனுக்கு வேறொரு அமைப்பிடம் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான) சான்றிதழ் வாங்கினால், அந்த அமைப்பின் வேர்ச் சான்றிதழ் பழைய கருவிகளின் பட்டியலில் இல்லாமல் போகலாம், கைகுலுக்கலே நடக்காது. இவையாவது பழுதுகள். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டு அதை வேறொருவர் வாங்கினால், அது பழுது என்ற எல்லையைத் தாண்டிவிடும். 2024இல் நடந்ததை நினைவூட்டுகிறோம். டாட் மோபி டொமைன்கள் யாருடையவை என்று சொல்லும் ஹூஈஸ் சர்வர் வேறு முகவரிக்கு மாறிய பிறகு, பழைய முகவரியின் டொமைன் காலாவதியானது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதை 20 டாலருக்கு வாங்கி ஒரு சர்வரை வைத்தது. சில நாட்களுக்குள் 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகள் அதனிடம் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தன, அவற்றில் அரசுகளுடையவையும் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுடையவையும் அடக்கம். முகவரி மாறிவிட்டது என்று யாரும் அவற்றிடம் சொல்லியிருக்கவில்லை. அங்கே வாங்கியவர்கள் ஆய்வாளர்கள். உங்கள் பழைய டொமைனைத் தேடி வருவது மக்களின் படுக்கையறை வாசலில் இருக்கும் கேமரா.

மின்னஞ்சலில் இன்னொரு முரண். ‘நாங்கள் பெயர் மாற்றியுள்ளோம், இந்த இணைப்பில் சென்று கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிடவும்’ என்று நீங்கள் தயாரித்திருக்கும் அறிவிப்பு, மோசடி மின்னஞ்சலுக்குப் பாடம் நடத்தும்போது நாம் காட்டும் மாதிரியிலிருந்து ஓர் எழுத்து வேறுபடவில்லை. நிறுவனங்கள் இணையும் செய்தி வெளியானதும் உங்கள் புதிய பெயருக்கு நெருக்கமான டொமைன்களை முதலில் வாங்கிவைப்பவர்கள் மோசடிக்காரர்கள்தான். மேலும், அலாரம் அறிவிப்பு போகும் சர்வர்களைப் புதிய டொமைனின் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளில் (மின்னஞ்சல் உண்மையில் அந்த டொமைனுடையதா என்று சரிபார்ப்பவை) சேர்க்காமல் மாற்றினால் உண்மையான அலாரம் ஸ்பாம் பெட்டிக்குப் போகும்.

கணினிப் பாதுகாப்பு மென்பொருள் பிரிவு தன் சொந்தக் குரலில் இதைவிட நன்றாகச் சொல்லும், ஆகவே சுருக்கமாக. நிறுவும் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தில் வெளியீட்டாளர் பெயர் மாறினால், பெயரை வைத்து அனுமதி தரும் விதிகள் அதைத் தடுக்கும். நிறுவும் ஃபோல்டரின் பெயர் மாறினால் விலக்கு விதிகள் எல்லாம் செல்லாது. பாதுகாப்பு நிகழ்வுகளைக் குறிக்கும் சிஇஎஃப் வடிவில் அனுப்பும் பதிவில் பதிப்பு எண்ணுக்கு அடுத்த புலம் தயாரிப்பாளர், அதற்கடுத்தது தயாரிப்பு. அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் மத்தியப் பதிவு அமைப்பில் எச்சரிக்கை விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு அப்டேட்டில் சொல் மாறினால் விதி பொருந்தாது, எச்சரிக்கை எழாது, டாஷ்போர்டு அமைதியாக இருக்கும். அமைதியைப் பார்த்து மேலாளர்கள் மகிழ்வார்கள்.

தீ அலாரத்தில் பெயர் சட்டத்தோடு பின்னியது. சான்றளிப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கும் நிறுவனப் பெயரும் கருவியின் தகட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று ஆய்வாளர் பார்ப்பார். இரு கம்பிப் புகை உணரிகளுக்கும் பேனலுக்கும் பொருத்தப் பட்டியல் உண்டு. பழைய பெயரில் அச்சான பட்டியலைக் காட்டி, புதிய பெயர் ஒட்டிய உணரியை ‘அதேதான்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. சான்றிதழ்க் கோப்பு திருத்தப்பட்ட பிறகுதான் தகடு மாற வேண்டும். உங்கள் அட்டவணையில் தகடு இரண்டாம் மாதம், சான்றிதழ் ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’.

காவலர் சீருடைக்கு வருகிறோம். புதிய சீருடை தருவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பழையதைத் திரும்ப வாங்குவதைப் பற்றி எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான வாசல்களில் பழைய பெயர் தைத்த சட்டையைப் பார்த்ததும் கதவு திறக்கும் பழக்கம் இன்னும் பல மாதம் இருக்கும். அந்தச் சட்டை பழைய துணிக்காரரிடம் போனால் ஆள்மாறாட்டத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சட்டை, தொப்பி, தோள்பட்டைப் பட்டை, ஐடி கார்டையும் எண்ணி வாங்கி, பெயர் தைத்த பகுதியை வெட்டி அழித்து, கையொப்பம் பெற வேண்டும். மாற்றமும் ஒரு வளாகத்தில் ஒரே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு வாயிலில் பழைய சட்டையும் மறு வாயிலில் புதிய சட்டையும் ஒரு வாரம் நின்றால், மூன்றாவது சட்டையோடு வருபவனையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அணுகல் அட்டைகளைப் பற்றி உங்கள் விற்பனைப் பிரிவு யோசித்ததாகவே தெரியவில்லை. வழக்கமான 26 பிட் அட்டையில் தள எண்ணுக்கு 8 பிட், அட்டை எண்ணுக்கு 16 பிட், மீதி 2 பிட் சரிபார்ப்பு. தள எண் 0 முதல் 255 வரைதான். இதுவரை இரு நிறுவனங்களும் தனித்தனியாக, யாருக்கு எந்த வரிசையை விற்றோம் என்று குறிப்பு வைத்திருந்தன. அந்த இரு குறிப்பேடுகளையும் ஒப்பிடாமல் ஒரே பார்ட் நம்பரில் விற்கத் தொடங்கினால், ஒரு கட்டடத்தின் அட்டை இன்னொரு கட்டடத்தின் கதவைத் திறக்கும். அட்டையில் தனிக் குறியாக்கச் சாவி போட்டு வாங்கிய வாடிக்கையாளர்களின் சாவிப் பதிவு தொலைந்தால் இன்னும் சிக்கல். ஊழியர் அட்டை தொலைந்து புதிது கேட்டால் கூட, கட்டடத்தின் எல்லா ரீடர்களையும் மாற்ற வேண்டிவரும்.

இந்தத் துறைக்குப் பெயர்மாற்றம் புதிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும். கேமரா தயாரித்த சாம்சங் டெக்வின் 2015இல் ஹன்வா கைக்குப் போய் ஹன்வா டெக்வின் ஆனது, 2023இல் ஹன்வா விஷன் ஆனது. எட்டு ஆண்டில் மூன்று பெயர். லெனல் நிறுவனம் யுனைடெட் டெக்னாலஜிஸ், கேரியர், 2024இல் ஹனிவெல் என்று கைமாறி வந்திருக்கிறது. நடுவில் எஸ்2 என்ற நிறுவனத்தோடு சேர்ந்து லெனல்எஸ்2 என்றும் ஆனது. இத்தனைக்கும் நடுவே அதன் அணுகல் கட்டுப்பாட்டு மென்பொருள் ஆன்கார்டு என்ற பெயரிலேயே தொடர்கிறது. உரிமையாளர் மாறினால் தயாரிப்பின் பெயரும் மாறியே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 1994இல் ஸ்வீடனின் அசா, ஃபின்லாந்தின் அப்லாய் என்ற பூட்டு நிறுவனங்கள் சேர்ந்தபோது, இரண்டில் ஒன்றைக் கொல்லாமல் இரண்டையும் சேர்த்தே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பெயரையும் காப்பாற்றினால் செலவு இரட்டிப்பாகும், வாடிக்கையாளர் குழம்புவார் என்று பதில் வரும். டொமைன் புதுப்பிப்பும் ஒரு தொலைபேசி எண்ணும் பழைய ரிசீவரின் மின்கட்டணமும் உங்கள் புதிய லோகோவின் வடிவமைப்புச் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது. குழப்பம் என்பதைப் பொறுத்தவரை, கீபேடில் பழைய பெயரும் பில்லில் புதிய பெயரும் இருந்தால் வாடிக்கையாளர் ஒருமுறை போன் செய்து கேட்பார். அதை நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

90 நாள் கெடுவை நிறுத்திவையுங்கள். அந்தக் கெடு லோகோ, பில், விளம்பரம், வண்டி ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்தும் என்று எழுத்தில் அறிவியுங்கள்.

பழைய ரிசீவர் முகவரிகள், தொலைபேசி லைன்கள், சிம் ஒப்பந்தங்கள் எதையும் தேதி வைத்து மூடாதீர்கள். எண்ணிக்கை வைத்து மூடுங்கள். பழைய முகவரியில் இன்னும் பேசும் கணக்குகளின் பட்டியலை வாரந்தோறும் எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் ஒவ்வொன்றாக மாற்றித் தருகிறோம். அந்தப் பட்டியல் காலியாகி, தொடர்ந்து 30 நாள் காலியாகவே இருந்த பிறகு அணையுங்கள். இரு மையங்களின் கணக்கு எண்களில் மோதுபவை எவை என்ற பட்டியல், ஒரு லைனைக் கூட இடம் மாற்றுவதற்கு முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும். சோதனை அறிக்கை வாரத்துக்கு ஒருமுறை வரும் கணக்குகளை மாற்றத்துக்கு முன் 24 மணி முறைக்குக் கொண்டுவர அனுமதியும் அதற்கான கூலியும் தாருங்கள்.

கண்காணிப்பு மையத்தின் பழைய எண் உள்ளே வரும் அழைப்புக்கு நிரந்தரமாக இயங்கட்டும். வெளியே போகும் அழைப்பிலும் குறைந்தது 12 மாதம் அதே எண் தெரியட்டும். ஆபரேட்டர் முதலில் பழைய பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு புதியதைச் சொல்லட்டும்.

பழைய டொமைன்கள் எதையும், அவற்றை நம்பும் கடைசிக் கருவி அணையும் வரை, விடாதீர்கள். புதுப்பிப்பு நிதியை விற்பனைப் பிரிவின் ஆண்டு பட்ஜெட்டிலிருந்து எடுத்துத் தொழில்நுட்பப் பிரிவிடம் கொடுங்கள்.

ஃபர்ம்வேரில் ஆன்விஃப் தயாரிப்பாளர் பெயரையும், பதிவுகளில் வரும் தயாரிப்பாளர் புலத்தையும் இப்போது விற்பனையில் இருக்கும் மாடல்களில் மாற்றாதீர்கள். புதிய மாடல்களில் மாற்றலாம். கையொப்பச் சாவியோ வெளியீட்டாளர் பெயரோ மாறுவதாயின் 60 நாள் முன்பே புதிய சான்றிதழை வெளியிடுங்கள்.

வாடிக்கையாளருக்குப் போகும் அறிவிப்பில் எந்த இணைப்பும் கடவுச்சொல் கோரிக்கையும் வேண்டாம். மாதப் பில்லோடு அச்சிட்ட தாளாக அனுப்புங்கள்.

பழைய பார்ட் நம்பருக்கு எதிரே புதியது என்ற அட்டவணையைத் தாருங்கள். எந்த வரிசைகளை நிறுத்தப் போகிறீர்கள், கடைசியாக எப்போது வாங்கலாம், உதிரிபாகம் எதுவரை கிடைக்கும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இதைக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டோம்.

சீருடை, ஐடி கார்டு மீட்புக்கு எண்ணிக்கைப் படிவமும் பொறுப்பாளரும் வேண்டும். அட்டை வரிசைகளையும் சாவிப் பதிவுகளையும் ஒப்பிட்டு முடிக்கும் வரை புதிய பெயரில் 26 பிட் அட்டை விற்பனையை நிறுத்துங்கள்.

கடைசியாக, பெயர்மாற்றக் குழுவில் கண்காணிப்பு மையத்திலிருந்து ஒருவரையும் களத்தில் பேனல் பொருத்துகிறவர்களில் ஒருவரையும் சேருங்கள், மாற்றத்தின் எந்தப் படியையும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தோடு. இந்த மடலுக்கு 14 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை சைரன் மூடிகளை மாற்ற எங்கள் ஆட்கள் ஏணி ஏற மாட்டார்கள். பழுது அழைப்புகளுக்கு வழக்கம்போல் வருவோம்.

இப்படிக்கு,
நிறுவுநர்கள், பராமரிப்பாளர்கள், கண்காணிப்பு மைய ஆபரேட்டர்கள்